படலையில் நின்றவர்கள்



மரதன் என்றால் எங்கள் ஊரில் இருபத்தாறு மைல் அல்ல. நாலு மைல் ஓடினாலும் மரதன்தான், ஆறு மைல் ஓடினாலும் மரதன்தான். பாடசாலையின் இல்ல விளையாட்டுப் போட்டிக்குச் சில நாட்கள் முன்னதாக, பனி விலகாத காலைப் பொழுதில், பொடியன்கள் வெறுங்காலுடன் கண்டி வீதியில் ஓடி வருவார்கள். பின்னால் விளையாட்டு ஆசிரியர் சைக்கிளில் விசிலடித்துக்கொண்டு வருவார். சித்திரை வருடப் பிறப்பை ஒட்டிச் சனசமூக நிலையங்கள் நடத்தும் விழாக்களிலும் கிடுகு பின்னுதல், முட்டி உடைத்தல், வழுக்கு மரம் ஏறுதல் என்பவற்றோடு மரதனுக்கும் ஓர் இடம் இருக்கும்.

எங்கள் வீடு நுணாவிலில், கண்டி வீதியை ஒட்டி இருந்தது. மரதன் நாளில் அம்மா விடியவே எழும்பித் தேசிக்காய் பிழிந்து, சீனி போட்டு, ஒரு பெரிய வாளி நிறையக் கரைத்து வைப்பா. நாங்கள் படலையில் செம்போடு நிற்போம். ஓடி வருகிறவன் எந்த இல்லம், யார் வீட்டுப் பிள்ளை என்றெல்லாம் அம்மா கேட்பதில்லை. தோடம்பழத்தை நாலாக வெட்டி நீட்டுவா. முதலாவதாக வந்தவன் பெரும்பாலும் வாங்காமலே ஓடிவிடுவான். கடைசியாக நடந்து வருகிறவன்தான் நின்று, இரண்டு செம்பு குடித்து, மூச்சு வாங்கி, “அம்மா, இன்னும் எவ்வளவு தூரம்?” என்று கேட்பான்.

உண்மையான மரதன் எவ்வளவு தூரம் என்பதை ஒரு நாள் வரைபடத்தில் அளந்து பார்த்தேன். யாழ்ப்பாண நகரில் தொடங்கி, செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் தாண்டி, கைதடி, நுணாவில், சாவகச்சேரி, மீசாலை, கொடிகாமம் என்று கண்டி வீதியாலேயே ஓடினால், பளையும் கழிந்த பின்னர்தான் 42 கிலோ மீற்றரும் 195 மீற்றரும் நிறைவுபெறும். குடாநாட்டின் முக்கால் நீளம்.

இதை நான் அளந்து பார்த்ததற்கு ஒரு காரணம் இருந்தது. 2025 ஆம் ஆண்டு மகளின் பிள்ளைப்பேறு பார்ப்பதற்காக நானும் மனைவியும் லண்டனுக்குப் போயிருந்தோம். போய் இரண்டாவது கிழமை தங்கச்சியின் மகன் தொலைபேசியில் பேசினான்.

“மாமா, நான் மரதன் ஓடப் போறன்.”

“எந்தப் பள்ளிக்கூடத்துக்கு?” என்றேன்.

அவன் சிரித்தான். “லண்டன் மரதன், மாமா. ஏப்ரல் இருபத்தேழு, ஞாயிற்றுக்கிழமை. நீங்களும் மாமியும் பாக்க வரவேணும். எங்கை நிக்கப் போறியள் எண்டு இப்பவே சொல்லுங்கோ. இல்லாட்டி உங்களைக் கண்டுபிடிக்கேலாது.”

ஓட்டம் பார்க்கப் போவதற்கு இவ்வளவு ஆயத்தம் வேண்டுமா என்று மனைவி கேட்டாள். வேண்டும். எனக்கு அது புதிதல்ல. சின்ன வயதில் ஐயாவோடு மாட்டுவண்டிச் சவாரி பார்க்கப் போன நாட்களை எண்ணிக்கொண்டேன். சிரித்திரன் ஆசிரியர் சுந்தர் வரைந்த ‘சவாரித் தம்பர்’ கருத்தோவியத்தை மறவாதவர்களுக்கு அந்தக் காய்ச்சல் எப்படிப்பட்டது என்று நான் விளக்க வேண்டியதில்லை. முதல் நாள் இரவே கட்டுச்சோறு ஆயத்தமாகிவிடும். எந்த வண்டியில் யார் ஏறுவது, எந்தப் பனைக்குக் கீழே இடம் பிடிப்பது, வெயில் எந்தப் பக்கம் சாயும் என்றெல்லாம் ஐயாவும் சித்தப்பாவும் ஒரு கிழமை விவாதிப்பார்கள். போய்ப் பார்த்தால், துவரங்கேட்டியும் கையுமாக ஒருவர் கத்த, ஒரு சோடி நாம்பன்கள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு எங்களைக் கடப்பதற்குக் கண் மூடித் திறக்கும் நேரம் போதும். சவாரி ஒரு நிமிடம், சவாரி பார்க்கப் போவது ஒரு நாள் முழுவதும். ஐயா அதை நட்டமென்று ஒருநாளும் நினைத்ததில்லை.

லண்டனிலும் அதே கணக்குத்தான். மருமகன் ஒரு மாலையில் வந்து வரைபடத்தை நிலத்தில் விரித்தான். கிறீன்விச் பக்கமாகத் தொடங்கி, ஆறாவது மைலைத் தாண்டியதும் ‘கட்டி சார்க்’ என்ற பழைய பாய்க்கப்பலைச் சுற்றி, பன்னிரண்டரை மைலில் ரவர் பாலத்தால் தேம்ஸ் நதியைக் கடந்து, துறைமுகப் பகுதிக்குள் போய் வளைந்து திரும்பி, ஆற்றங்கரையோரமாக அரண்மனைக்கு முன்னால் முடிகிறது பாதை. எல்லோரும் கப்பலடியிலும் பாலத்தடியிலும்தான் நிற்க விரும்புவார்கள், அங்கே போனால் மற்றவர்களின் முதுகைத்தான் பார்க்கலாம் என்றான். பாலத்தைக் கடந்ததும் ‘ஹைவே’ என்றொரு வீதி வருகிறது. அதன் ஒரு பக்கத்தால் பதின்மூன்றாவது மைலில் போகிறவர்கள், இருபத்திரண்டாவது மைலில் மறுபக்கத்தால் திரும்பி வருவார்கள். ஒரே இடத்தில் நின்றால் இரண்டு தரம் காணலாம். ஈஸ்ற்ஹாமிலிருந்து ரவர் ஹில் வரைக்கும் ரெயில், அதன்பின் கிழக்கே நடை. பத்தரை மணிக்கு ஓட ஆரம்பித்தால் ஒரு மணிக்குச் சற்று முன்பாகப் போவான், இரண்டரை அளவில் வருவான். மனைவி இதைக் கொப்பியில் எழுதிக்கொண்டாள். தட்டைவடை எத்தனை என்பதையும் எழுதினாள்.

அந்த நாட்களில் நூலகத்துக்குப் போய் மரதனின் கதையைக் கொஞ்சம் வாசித்தேன். வெற்றிச் செய்தியைச் சொல்லிவிட்டு விழுந்து இறந்த கிரேக்கத் தூதுவனின் கதையை நாம் பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறோம். ஆனால் அந்தப் போரை எழுதிய ஹெரொடோட்டஸ் அப்படி ஒரு மரணத்தைச் சொல்லவில்லை. அவர் சொல்வது, உதவி கேட்டு ஸ்பார்ட்டாவுக்கு ஓடியவனைப் பற்றி. மற்றது பல நூற்றாண்டுகள் கழித்து வந்தவர்கள் சேர்த்தது. 1896 இல் ஏதென்ஸில் நடந்த முதல் ஒலிம்பிக் மரதனில் வென்ற ஸ்பிரிடன் லூயிஸ் ஒரு தண்ணீர் காவி. ஊருக்குத் தண்ணீர் சுமந்து விற்றவர். இந்த ஒரு செய்தி எனக்கு மற்றெல்லாவற்றையும் விடப் பிடித்திருந்தது.

இருபத்தாறு மைலும் 385 யாரும் என்ற ஒழுங்கில்லாத கணக்கு லண்டனில்தான் பிறந்தது. 1908 ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் வின்ட்ஸர் கோட்டையில் தொடங்கி, விளையாட்டரங்கில் அரச குடும்பத்தினர் இருந்த இடத்துக்கு முன்னால் முடிப்பதற்காக வந்த தூரம் அது. 1921 இல் அதுவே உலகத்துக்கெல்லாம் பொதுவாயிற்று. அந்த 1908 ஓட்டத்தில் இத்தாலியரான டொராண்டோ பியெற்றி முதலாவதாக அரங்கினுள் வந்தார். வந்தவர் திசை தவறித் திரும்பினார், விழுந்தார், எழுந்தார், மறுபடியும் விழுந்தார். பார்த்துக்கொண்டு நிற்க மனமில்லாத வைத்தியரும் அதிகாரிகளும் ஓடிப்போய்த் தூக்கி, தாங்கி, கோட்டைக் கடக்கச் செய்தார்கள். பிறர் உதவி பெற்றதனால் அவருடைய வெற்றி பறிபோயிற்று. இரண்டாவதாக வந்த அமெரிக்கர் ஜோனி ஹேய்ஸ் வெற்றியாளரானார். ஷேர்லக் ஹோம்ஸ் கதைகளைத் தந்த கோனன் டொயில் அன்று அரங்கில் இருந்து பத்திரிகைக்கு எழுதினார். பிறகு பியெற்றிக்காக நிதி சேர்க்கவும் முன்னின்றார். அலெக்சாண்ட்ரா அரசி மறுநாள் ஒரு கிண்ணம் கொடுத்தார். உதவிய கை செய்தது சரியா, பிழையா? சட்டத்தின்படி பிழை. எங்கள் அம்மாவிடம் கேட்டிருந்தால் வேறு தீர்ப்புச் சொல்லியிருப்பா.

இப்போதுள்ள லண்டன் மரதன் 1981 மார்ச் 29 ஆம் திகதி மழையில் தொடங்கியது. மெல்பேர்ண் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற கிறிஸ் பிறாஷர், நியூயோர்க்கில் நகரமே வீதியில் நின்று ஓட்டக்காரர்களைத் தட்டிக்கொடுத்ததைக் கண்டு வந்து, லண்டனாலும் இது முடியுமா என்று பத்திரிகையில் கேட்டாராம். முதலாவது ஓட்டத்தில் முன்னணியில் வந்த அமெரிக்கர் டிக் பியர்ட்ஸ்லியும் நோர்வேக்காரர் இங்கே சிமொன்சனும் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றாகவே முடித்தார்கள்.

எங்கள் நாட்டுக்காரர் ஒருவரையும் இந்த இடத்தில் நினைக்க வேண்டும். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் பத்தாயிரம் மீற்றர் ஓடிய ரணதுங்க கருணானந்த. 67 ஆம் இலக்கம். மற்றவர்கள் எல்லோரும் முடித்துவிட்ட பிறகும் அவர் தனியாக மைதானத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். முதலில் சிரித்த யப்பானியச் சனம், கடைசிச் சுற்றில் எழுந்து நின்று கை தட்டியது. பார்ப்பவர்கள் என்றால் யார் என்பதை அந்தச் சனம் ஒரு சில நிமிடத்துக்குள் கற்றுக்கொண்டது.

பார்ப்பவர் எவருமில்லாத ஓட்டங்களும் எங்களிடம் உண்டு. தொண்டைமானாறு நவரத்தினசாமி 1954 இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் 1971 இல் அதே நீரிணையை 51 மணித்தியாலத்தில் போய்த் திரும்பினார். கரையில் நின்ற சனம் பார்த்தது கால் நனைந்ததை மட்டுந்தான். 1984 இல் ஆங்கிலக் கால்வாயை நீந்தப் போன இடத்தில் ஆனந்தன் இறந்தார். கடலில் படலை இல்லை.

தரையில் உண்டு. யாழ்ப்பாணத்துப் பழைய வீதிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நடந்து போகிறவனை நினைத்தே அவை அமைக்கப்பட்டிருந்தன. தலைச் சுமையைப் பிறர் உதவியின்றி இறக்கி வைக்கச் சுமைதாங்கி. வயிற்றில் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக அதைக் கட்டுவது வழக்கம். மாடு உரஞ்ச ஆவுரஞ்சிக்கல், குடிக்கக் கேணி, தங்க மடம். பருத்தித்துறையில் வீதிக்கு மேலேயே கூரை போட்டு, இருபுறமும் திண்ணை வைத்த தெருமூடிமடம் இருக்கிறது. அதற்குள்ளால் போகிறவன் நிழலை வாங்காமல் போக முடியாது. தேர்த் திருவிழாவென்றால் தண்ணீர்ப் பந்தல். செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமம் நோக்கிக் கால்நடையாகப் போகிற அடியார்களுக்கு வழி நெடுகச் சோறும் மோரும். வீதியோரத்தில் நிற்பது என்றால் வேடிக்கை பார்ப்பதல்ல, கையில் ஏதாவது வைத்திருப்பது. இதை எவரும் எங்களுக்குச் சொல்லித்தந்ததில்லை. அம்மாவின் வாளி சொல்லித்தந்தது.

அந்தப் படலையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்கலாம் என்றுதான் தொடங்கினேன்.

1995 ஒக்ரோபர் 30. இராணுவத்தின் ‘சூரியக்கதிர்’ நடவடிக்கை யாழ் நகரை நெருங்கியிருந்தது. வலிகாமத்தை விட்டு வெளியேறும்படி விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட சனம், ஒரே இரவில், முக்கியமாக ஒரே வீதியால், நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குள் வந்தது. மழை. சைக்கிளில் மூட்டை, மூட்டைக்கு மேலே கிழவி, கையில் கோழி, தோளில் பிள்ளை. ஓடவில்லை, நடக்கவுமில்லை, அரைந்தார்கள். ஓர் அடி வைப்பதற்குப் பல நிமிடம் எடுத்தது. குடையைக் கவிழ்த்துப் பிடித்து மழைத் தண்ணீரைக் குடித்தவர்களைக் கண்டேன்.

அம்மா அப்போது இல்லை. ஆனால் வாளி இருந்தது. நானும் மனைவியும் இரவு எட்டு மணி தொடக்கம் படலையில் நின்று தண்ணீர் கொடுத்தோம். வீடு, விறாந்தை, மாட்டுக் கொட்டில் எங்கும் சனம் நிறைந்தது. கிணற்றில் அள்ளிக்கொண்டே இருந்ததில் நடுச்சாமத்துக்குப் பிறகு கலங்கல்தான் வந்தது. இரண்டு மணியளவில் தங்கச்சி வந்து சேர்ந்தாள். சைக்கிள் பாரில், துவாய்க்குள் சுற்றியபடி, நாலு வயதுப் பிள்ளை. அவன்தான் இன்று மரதன் ஓடப்போகிறவன்.

அதன்பிறகு நான் படலைக்குச் சங்கிலி கொளுவினேன்.

மனைவி ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் வந்துவிட்டார்கள், இனி உள்ளுக்கு இடமில்லை, கிணற்றிலும் தண்ணீரில்லை என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். மூன்றும் உண்மைதான். விடியுமுன் யாரோ படலையைத் தட்டினார்கள். வயதுபோன ஆணின் குரல். “பிள்ளையள், ஒரு மிடறு தண்ணி” என்று இரண்டு தரம் கேட்டது. பிள்ளைக்கென்று ஒரு செம்பு தண்ணீர் மூடி வைத்திருந்தது. நான் எழும்பவில்லை. மூன்றாம் தரம் கேட்கவில்லை. விடிந்து போய்ப் பார்த்தபோது வீதியில் அதே சனம், அதே அடி. எது அந்தக் குரலுக்குரிய முகம் என்று எனக்கு எப்படித் தெரியும்?

மருமகனுக்கு இது தெரியாது. அவனுக்கு அந்த இரவில் நினைவிருப்பது கோழி மட்டும்.

ஏப்ரல் 27 ஆம் திகதி லண்டனில் வெயில் கடுமையாக இருந்தது. மேலைத்தேயத்தவருக்குத்தான் கடுமை, எங்களுக்கு மாசி மாத வெயில். திட்டமிட்டபடி ஹைவேயில் கம்பித் தடுப்புக்கருகே இடம் பிடித்தோம். முன்னணி ஓட்டக்காரர் கென்யாவின் சபஸ்ரியன் சாவே எங்களைக் கடந்தது, சவாரி மாடு கடந்ததுபோலவே இருந்தது. மனைவி தட்டைவடைச் சரையை அவிழ்த்து நிமிர்வதற்குள் ஆளைக் காணவில்லை. அவர் 2 மணி 2 நிமிடம் 27 செக்கனில் முடித்துவிட்டாராம். அதன் பிறகுதான் வெள்ளம் வந்தது. அந்த ஆண்டு ஐம்பத்தாறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஓடி முடித்தார்கள். வீதி முழுவதும் தலைகள். எனக்குச் சற்று நேரம் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பக்கத்தில் மேளம் அடித்தார்கள், பெயரைச் சட்டையில் வாசித்து வாசித்துக் கத்தினார்கள். ஒரு வெள்ளைக்காரக் கிழவி பெட்டி நிறைய இனிப்பும் வெட்டிய தோடம்பழமும் வைத்து நீட்டிக்கொண்டு நின்றா. நாலாகத்தான் வெட்டியிருந்தா.

போகும்போது மருமகனை நாங்கள் தவறவிட்டோம். வரும்போது கண்டோம். இரண்டேமுக்கால் மணி. முகம் வெளுத்து, உப்புப் பூத்து, ஆனால் ஓடிக்கொண்டிருந்தான். நான் போத்தலை நீட்டினேன். அவன் கையை உயர்த்திக் காட்டினான், “பிறகு, மாமா” என்று சொன்னது போலிருந்தது, நிற்காமல் போய்விட்டான். முதலாவதாக வருகிறவன்போல. எனக்குச் சந்தோஷம்.

மனைவி கொப்பியையும் பையையும் எடுத்து மடித்தாள். “சரி, எங்கட ஆள் போட்டான். இனிப் போவம். முடிக்கிற இடத்தில சந்திப்பம் எண்டு சொன்னவன்.”

“நீர் மகளோடை போம்” என்றேன். “நான் கொஞ்சம் நிண்டு வாறன்.”

அவள் என் கையிலிருந்த போத்தலைப் பார்த்தாள். முப்பது வருடமாகப் பேசாத விடயத்தை அன்றும் பேசவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு அவளும் நின்றாள்.

மேளக்காரர்கள் போய்விட்டார்கள். இனிப்புக் கிழவியும் பெட்டியை மடித்துக்கொண்டு போய்விட்டா. தடுப்புக் கம்பிகளை லொறியில் ஏற்றத் தொடங்கினார்கள். ஓடியவர்கள் குறைந்து, நடப்பவர்கள் மிஞ்சினார்கள். பின்னால் வீதி கூட்டும் வாகனங்களின் மஞ்சள் வெளிச்சம் தெரிந்தது. அதற்கு முன்னால் தனியாக ஒரு மனிதர் வந்தார். என் வயது இருக்கும். எந்த நாட்டவர் என்று சொல்ல முடியவில்லை. ஒரு காலை இழுத்து இழுத்து வைத்தார். அவர் கேட்கவில்லை. நான் வீதியில் இறங்கிப் போத்தலைத் திறந்து கொடுத்தேன். நின்று, முழுவதையும் குடித்தார். வெறும் போத்தலை என்னிடமே தந்துவிட்டு, இன்னும் எவ்வளவு தூரம் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நாலு மைல் என்றேன்.